வலிக்கலையே, அப்புறம் எதுக்கு டாக்டர்?

"ஏன் இவ்ளோ லேட்டா வந்தீங்க?" எந்த ஆஸ்பத்திரி ஓபியில போய் உக்காந்தாலும் டாக்டர் ரூம் கதவு திறந்து மூடுற நேரத்துல இந்தக் கேள்வி ஒரு தடவையாவது காதுல விழுந்துரும். கேக்கறவங்களுக்கு அது கேள்வியே இல்ல, கோவம். எதிர்ல உக்காந்திருக்கறவங்க தலைய குனிஞ்சுக்கிட்டு "சரியாப் போயிரும்னு நெனச்சோங்க"ன்னு முணுமுணுப்பாங்க, கூட வந்தவங்க "நான் அப்பவே சொன்னேன் டாக்டர், எங்க கேட்டாரு"ன்னு ஆரம்பிப்பாங்க, அதுக்குள்ள அடுத்த டோக்கன் நம்பர கூப்பிட்டுருவாங்க. அந்தக் கேள்விக்கு உக்காந்து பொறுமையா யாராவது பதில் கேட்டுருக்காங்களா? எங்க பெரியப்பா கால் விஷயத்துக்கு அப்புறம் இது என்னை விடவே மாட்டேங்குது. ஏன்னா அவர்கிட்ட ஒரு பதில் இருந்துச்சு, அதுவும் நல்லா யோசிச்ச பதில், அத யாரும் கேக்கல.

பொதுவா நாம சொல்ற பதில் "விழிப்புணர்வு இல்ல". படிக்காதவங்க, கிராமத்து ஜனங்க, பயந்தவங்க, அவங்களுக்கு நோட்டீஸ் அடிச்சு குடுக்கணும், கேம்ப் போடணும்னு பேசுவோம். எங்க பெரியப்பா ஹெட்மாஸ்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். பேப்பர்ல வர்ற மருத்துவப் பக்கத்த கத்தரிச்சு ஃபைல் போட்டு வெச்சிருக்கற ஆளு. சுகர் வந்து பல வருஷம் ஆச்சு, மாசாமாசம் ரத்தம் குடுத்து டெஸ்ட் எடுத்து, வெறும் வயித்துல எவ்ளோ, சாப்டப்புறம் எவ்ளோ, மூணு மாச சராசரி எவ்ளோன்னு ஒரு நோட்டுல கோடு போட்டு எழுதி வெச்சிருப்பார். சுகர் கால பாதிக்கும்னு அவருக்கு நல்லாவே தெரியும், எங்க வீட்டுல அடுத்தவங்களுக்கு புத்தி சொல்றதே அவர்தான். அப்படிப்பட்டவர் கால் புண்ண வாரக்கணக்கா வெச்சிருந்து, ரெண்டு விரல் போனதுக்கு அப்புறம்தான் வீட்டுக்கு வந்தார். இத விழிப்புணர்வு கணக்குல எங்க கொண்டுபோய் வைக்கிறது?

கிரிவலம்

சித்ரா பௌர்ணமிக்கு திருவண்ணாமலை போறது அவருக்கு ரொம்ப வருஷத்து வழக்கம். ராத்திரி கூட்டம் அதிகமா இருக்கும்னு மதியம் சாயுறதுக்குள்ளயே நடக்க ஆரம்பிச்சுட்டாங்க. மலைய சுத்தி 14 கிலோமீட்டர், வெறுங்கால், சித்திரை வெயில்ல நாள் முழுக்க காஞ்ச தார் ரோடு. போனவங்களுக்கு தெரியும், அந்த நேரத்துல ஜனங்க ரோட்டு ஓரத்துல இருக்கற வெள்ளைக்கோட்டு மேல வரிசையா நடப்பாங்க, அது கொஞ்சம் சூடு கம்மி. மர நிழல் வந்தா நிப்பாங்க, தண்ணி ஊத்தி வெச்ச இடத்துல கால நனைச்சுப்பாங்க. பெரியம்மாவும் அப்படித்தான் கோட்டு மேலயே வந்தாங்க. பெரியப்பா மட்டும் நடு ரோட்டுல நடந்தாராம். "எனக்கு சுடவே இல்ல, அண்ணாமலையார் பாத்துக்கிட்டார்"னு திரும்பி வந்து எங்க எல்லார்கிட்டயும் சொன்னார், அந்த சந்தோஷம் முகத்துல தெரிஞ்சுது. பக்கத்துல நடந்தவங்க எல்லாம் துடிச்சப்ப தனக்கு மட்டும் சுடலங்கறது ஒரு பக்தருக்கு எவ்ளோ பெரிய விஷயம்! அதுல எந்தத் தப்பும் இல்ல. அந்த நம்பிக்கைய நான் இப்பவும் மதிக்கறேன். ஆனா சுடாததுக்கு வேற ஒரு காரணம் இருக்கலாம்னு அந்த வீட்டுல யாருக்கும் தோணறதுக்கு வழியே இல்ல, ஏன்னா அப்படி ஒண்ணு இருக்குன்னு எங்க யாருக்கும் யாரும் சொன்னதில்ல.

ரெண்டு நாள் கழிச்சு பெரியம்மா வீடு துடைக்கறப்ப தரையில ஈரமா திட்டு திட்டா ஏதோ இருக்கறத பாத்தாங்க. இடது கால் அடிப்பாதம், விரலுக்கு கொஞ்சம் கீழ, கொப்புளம் உடைஞ்சு தோல் உரிஞ்சு கிடக்கு. அந்த எடத்துல ஏற்கனவே ஒரு கால் ஆணி உண்டு, அப்பப்ப பிளேடு வெச்சு அவரே சீவிப்பார். "வலிக்குதாங்க?"ன்னு கேட்டாங்க. "இல்லையே." அவ்ளோதான், பேச்சு முடிஞ்சுது. மஞ்சள், வேப்பெண்ணெய், மெடிக்கல் ஷாப்ல ஒரு பவுடர், அப்புறம் ஒரு ஆயின்மென்ட். நடுவுல நாலு நாள் வெந்நீர்ல உப்பு போட்டு கால வெச்சார், அந்தத் தண்ணி எவ்ளோ சூடுன்னு யாரும் தொட்டுப் பாக்கல, அவருக்கு இதமா இருந்தா போதும்னு விட்டாங்க. தினமும் காலைல வாக்கிங் போனார். கடைக்கு போனார், கல்யாணத்துக்கு போனார். புண்ணு மேல மூடிக்கிட்ட மாதிரி இருக்கும், அப்புறம் மறுபடி ஈரமாகும். மாசாந்திர செக்கப்புக்கு நடுவுல ஒரு தடவை போனார், சுகர் நம்பர் பாத்தாங்க, மாத்திரை எழுதினாங்க, "வேற ஏதாவது பிரச்சனை இருக்கா"ன்னு கேட்டாங்க, "ஒண்ணும் இல்ல டாக்டர்"னு சொல்லிட்டு வந்துட்டார். செருப்பு, ஷூ கழட்டச் சொல்ற வழக்கமே அங்க இல்ல.

அவர் பொய் சொன்னார்னு வீட்டுல நிறைய பேர் இன்னைக்கும் சொல்றாங்க. எனக்கு அப்படி தோணல. அவர் மனசுல "பிரச்சனை"ன்னா வலி, காய்ச்சல், நடக்க முடியாம போறது. இதுல எதுவுமே இல்ல. நடக்க முடியுது, தூக்கம் வருது, பசிக்குது. அறுபத்தி சொச்சம் வருஷமா ஒரு உடம்போட வாழ்ந்து, எது சின்னது எது பெருசுன்னு அந்த உடம்பு எப்படி சொல்லிக் குடுத்துச்சோ அந்தக் கணக்குப்படிதான் அவர் முடிவு பண்ணார். பல்லு வலிச்சப்ப அன்னைக்கே ஓடினவர், முதுகு பிடிச்சப்ப ராத்திரியே ஆட்டோ கூப்பிட்ட மனுஷன். ஆஸ்பத்திரி பயம் உள்ளவர் இல்ல, சோம்பேறி இல்ல, கஞ்சனும் இல்ல. வலிச்சா போவார், வலிக்கலன்னா போகமாட்டார். நம்மள்ல முக்கால்வாசி பேர் இப்படித்தான்.

கண்ண மூடிக்கிட்டு

கடைசில போனதும் வலியால இல்ல. நாத்தம். பேத்திதான் சொன்னா, தாத்தா ரூம்ல ஏதோ எலி செத்துக் கிடக்குற மாதிரி வாடை வருதுன்னு. அப்புறம் குளிர் ஜுரம். கால் புண்ணுக்குன்னே தனியா பாக்கற ஒரு இடத்துக்கு கூட்டிட்டுப் போனோம், நானும் கூட இருந்தேன். அங்க ஒரு சிஸ்டர், வயசு முப்பதுக்குள்ளதான் இருக்கும், கால நல்லா கழுவி, கட்டுப் போடறதுக்கு முன்னாடி, புண்ணு இல்லாத வலது காலையும் மேல தூக்கி வைக்கச் சொன்னாங்க. அவங்க கையில பேனா மாதிரி ஒண்ணு, அதோட நுனியில மீன் பிடிக்கற நைலான் நரம்பு அளவுக்கு ஒரு இழை. மோனோஃபிலமென்ட்னு பேர், வளையற அளவுக்கு அழுத்தினா சரியா 10 கிராம் அழுத்தம் வர்ற மாதிரி செஞ்சது. மொதல்ல அவர் கைல தொட்டுக் காட்டினாங்க. "தெரியுதா ஐயா?" "தெரியுது." "இதே மாதிரி கால்ல தொடுவேன், கண்ண மூடிக்கோங்க, தொடறப்ப எல்லாம் ஆமான்னு சொல்லுங்க."

பெரியப்பா கண்ண மூடிக்கிட்டார். சிஸ்டர் கட்டை விரல் அடியில வெச்சு அழுத்தினாங்க, இழை வளைஞ்சுது. அவர் ஒண்ணும் சொல்லல. நடுவிரல் கிட்ட, சுண்டுவிரல் கிட்ட, பாதத்து நடுவுல, குதிங்கால்ல. ஒவ்வொரு எடத்துலயும் இழை வளையறத நானும் பெரியம்மாவும் பாத்துக்கிட்டு நிக்கறோம், அவர் முகத்துல ஒரு அசைவும் இல்ல, வகுப்புல டிக்டேஷனுக்கு காத்திருக்கற பையன மாதிரி ரொம்ப கவனமா உக்காந்திருக்கார். சிஸ்டர் முடிச்சுட்டு நிமிந்தப்ப அவர் கண்ண மூடினபடியே சொன்னார், "நான் ரெடி, நீங்க ஆரம்பிங்கம்மா."

பெரியம்மா என் கைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. சிஸ்டர் அவசரப்படல. "முடிச்சுட்டேன் ஐயா. கண்ணத் திறந்துக்கிட்டே இன்னொரு தடவை பாருங்க"ன்னு சொல்லி அதே எடத்துல மறுபடி அழுத்திக் காட்டினாங்க. இழை வளையறத அவரே பாக்கறார், தன் கால்தான், ஆனா எதுவும் தெரியல. ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவர் கேட்ட முதல் கேள்வி, "அப்ப அன்னைக்கு ரோடு சுடலன்னு சொன்னேனே?" அந்த ஒரு கேள்வியில அவருக்கு எல்லாமே புரிஞ்சுடுச்சு. செருப்பு கால்ல இருந்து கழண்டு விழுந்தது தெரியாம தெருக்கோடியில இருந்து ஒத்த செருப்போட வீட்டுக்கு வந்த நாள், நாங்க எல்லாம் ஞாபக மறதின்னு சிரிச்சோமே அது, ராத்திரியில பாதம் எரியுதுன்னு ஃபேன் பக்கம் கால நீட்டிப் படுத்தது, பஞ்சு மேல நடக்கற மாதிரி இருக்குன்னு எப்பவோ சொன்னது, ஒண்ணொண்ணா அவரே சொல்ல ஆரம்பிச்சார். எல்லாமே நரம்பு செத்துக்கிட்டு வர்றதோட அடையாளம்னு சிஸ்டர் சொன்னாங்க. பல வருஷமா ஃபைல் போட்டுப் படிச்ச எந்தக் கட்டுரையும் செய்யாதத ரெண்டு நிமிஷத்துல ஒரு நைலான் இழை செஞ்சுது.

நான் திரும்பத் திரும்ப வந்து நிக்கறது இந்த எடத்துலதான். "சுகர் நரம்ப பாதிக்கும்"ங்கறது அவருக்கு மனப்பாடம். ஆனா அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் "உங்க வலிய நம்பி இனிமே நீங்க முடிவு எடுக்கக் கூடாது"ன்னு அவருக்கு யாரும் சொல்லல. முதல் வாக்கியம் தகவல். ரெண்டாவது வாக்கியம்தான் எப்ப டாக்டர்கிட்ட போகணும்ங்கறத மாத்தும். நம்ம ஊர்ல முதல் வாக்கியம் தெருவுக்கு தெரு கிடைக்குது, ரெண்டாவதுக்கு ஆள் இல்ல.

வேலூர்ல கண்டுபிடிச்ச விஷயம்

எனக்கு இதுல தாங்கமுடியாத வருத்தம் என்னன்னா, வலி இல்லாத கால் எவ்ளோ ஆபத்துன்னு உலகத்துக்கு சொன்னதே நம்ம வேலூர்தான். பால் பிராண்ட்னு ஒரு எலும்பு டாக்டர், 1914ல நம்ம கொல்லிமலையில பொறந்தவர், அப்பா அம்மா அங்க ஊழியம் பண்ண வந்தவங்க. லண்டன்ல படிச்சுட்டு 1946ல வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அப்ப தொழுநோய்னா சதையே அழுகி விரல் தானா விழுந்துரும்னுதான் டாக்டருங்களே நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. இவர் வருஷக்கணக்கா நோயாளிங்கள பக்கத்துல இருந்து பாத்து சொன்னது வேற. சதை நல்ல சதைதான், அந்த நோய் நரம்பக் கொன்னுடுது, உணர்ச்சி போயிடுது, அதனால சுடற பாத்திரத்த வெறுங்கையால எடுக்கறாங்க, ஆணி குத்தின காலோட நாள் முழுக்க நடக்கறாங்க, புண்ணு மேலயே புண்ணாகி விரல் தேஞ்சு போகுது. அவரே சொன்ன ஒரு சம்பவம் உண்டு. துருப்பிடிச்ச ஒரு பூட்ட அவரால திறக்க முடியல, பக்கத்துல இருந்த ஒரு ஒல்லியான பையன் சாவிய வாங்கி ஒரே திருகுல திறந்துட்டான், எப்படிடா இவ்ளோ பலம்னு பாத்தா தரையில ரத்தம், அவன் விரல் எலும்பு வரைக்கும் கிழிஞ்சிருக்கு, அவனுக்கு தெரியவே இல்ல. நமக்கு வலிக்கும்ங்கறதால நாம பாதியில விட்டுருவோம், அவனுக்கு விடச் சொல்ல ஒண்ணும் இல்ல.

அங்கதான் பாதத்துக்கு ரப்பர்ல மெத்துனு செருப்பு செய்யறது, புண்ணுக்கு மாவுக்கட்டுப் போட்டு அந்த எடத்துல பாரம் விழாம பாத்துக்கறதுன்னு ஒவ்வொண்ணா வளந்துச்சு. இன்னைக்கு சுகர் பேஷண்டுங்களுக்கு எழுதிக் குடுக்கற எம்சிஆர்ங்கற மெத்து ரப்பர் செருப்பு இருக்கே, அது அந்த வழியில வந்ததுதான். 1966ல அவர் அமெரிக்காவுக்கு, லூசியானால அப்ப இருந்த கார்வில் தொழுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனார், வேலூர்ல கத்துக்கிட்டது அங்க சுகர் பேஷண்டுங்க காலுக்கும் அப்படியே பொருந்துச்சு. வலிய ஒரு வரம்னு கடைசி வரைக்கும் பேசினவர் அவர். நாங்க இருக்கறது அந்த வேலூர்ல இருந்து கூப்பிடு தூரம். அவ்ளோ பக்கத்துல கண்டுபிடிச்ச ஒரு விஷயம், படிச்ச ஒரு மனுஷன் காலுக்கு வந்து சேர இத்தன வருஷம் பத்தலன்னா, தப்பு அந்த மனுஷன் மேல மட்டுமா?

சின்ன ஊரு பிரச்சனையும் இல்ல இது. 2023ல வந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வுல இந்தியாவுல சுகர் இருக்கறவங்க 10 கோடிக்கு மேலன்னு சொன்னாங்க. அதுல எத்தன பேர் கால ஒரு டாக்டரோ நர்ஸோ இந்த வருஷம் கையால தொட்டுப் பாத்துருப்பாங்க? சுகரால கால் எடுக்கறதுல ரொம்பப் பெரும்பாலானது இப்படி ஒரு சின்னப் புண்ணுல இருந்துதான் ஆரம்பிக்குதுன்னு மருத்துவ உலகத்துக்கு எப்பவோ தெரியும்.

"போனா கால எடுத்துருவாங்க"

வலி மட்டும்தான் காரணம்னு சொன்னா அது பாதிக் கதை. பெரியப்பா வார்டுல இருந்தப்ப நாலஞ்சு பேர் கூட பேசிட்டு இருந்தேன். ஒரு அம்மா, பூ கட்டற வேலை, மாசக்கணக்கா புண்ணோட இருந்துட்டு வந்தவங்க. ஏம்மா வரலன்னு கேட்டேன், குத்தம் சொல்ற மாதிரி இல்லாம, தெரிஞ்சுக்கறதுக்குத்தான். "எங்க தெருவுல மூணு பேரு சுகர் புண்ணுன்னு ஆஸ்பத்திரி போனாங்க கண்ணு, மூணு பேரும் காலு இல்லாம வந்தாங்க. போகாத எங்க நாத்தனாருக்கு ஆறிப்போச்சு"ன்னாங்க. யோசிச்சுப் பாத்தா இது மூடநம்பிக்கையே இல்ல. அவங்க கண்ணால பாத்த ஆதாரத்த வெச்சு எடுத்த முடிவு. அந்த மூணு பேரும் கடைசி நேரத்துல போனதாலதான் கால் போச்சுங்கறது அந்தத் தெருவுக்கு தெரியாது, தெருவுக்கு தெரியறது போனாங்க, கால் இல்லாம வந்தாங்கங்கறது மட்டும்தான். சீக்கிரம் போய் சின்னதா சுத்தம் பண்ணிட்டு ரெண்டு கால்லயும் நடந்து வந்தவங்கள பத்தி யாரும் பேசறதில்ல, ஏன்னா அது பேச்சாகற விஷயமே இல்ல. இப்படி ஒவ்வொரு தாமதமும் அடுத்த தாமதத்துக்கு ஒரு சாட்சிய உண்டாக்கிட்டுப் போகுது. "பயப்படாதீங்க, வாங்க"ன்னு போஸ்டர் ஒட்டினா இது மாறாது. சீக்கிரம் போய் நல்லா ஆன பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர் அந்தத் தெருவுல உக்காந்து பேசினா மாறும்.

பிரசவ மரணங்கள பத்தி 1994ல செரீன் தடியஸ், டெபோரா மெயின்னு ரெண்டு பேர் எழுதினதுல தாமதத்த மூணா பிரிச்சாங்க. போகலாமான்னு முடிவு பண்றதுல ஒரு தாமதம், போய்ச் சேர்றதுல ஒரு தாமதம், சேந்தப்புறம் சரியான சிகிச்சை கிடைக்கறதுல ஒரு தாமதம். நம்ம தமிழ்நாட்டுல ரெண்டாவதுல நாம நல்லா முன்னேறிட்டோம், 2008ல 108 வந்துச்சு, பக்கத்துலயே ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கு, 2021ல மக்களைத் தேடி மருத்துவம் (சுருக்கமா எம்டிஎம்) திட்டம் வந்து வீட்டு வாசல்லயே பிபி, சுகர் பாத்து மாத்திரையும் குடுக்கறாங்க. இத நான் மனசார பாராட்டறேன், எங்க தெருவுக்கு வர்ற அந்த அக்கா மழையிலயும் வர்றாங்க. ஆனா முதல் தாமதம் வீட்டுக்குள்ள, ஒருத்தர் மனசுக்குள்ள நடக்குது, அங்க ஆம்புலன்ஸ் போகாது. அங்க போகக்கூடியது வார்த்தை மட்டும்தான், அதுவும் சரியான வார்த்தை.

சரியான வார்த்தைன்னு நான் சொல்றது என்னன்னு அந்த சிஸ்டர்கிட்டதான் கத்துக்கிட்டேன். டிஸ்சார்ஜ் அன்னைக்கு குடுத்த சம்மரி நாலு பக்கம், முழுக்க இங்கிலீஷ், எல்லாருக்கும் அப்படித்தான். ஆனா அந்தப் பொண்ணு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காந்து, "கால நல்லா பாத்துக்கோங்க"ன்னு சொல்லல. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி கண்ணாடிய கீழ வெச்சு ரெண்டு அடிப்பாதத்தையும் பாக்கணும், பாக்க முடியலன்னா அம்மா பாக்கணும். தண்ணி சூடு கால்ல தெரியாது, முழங்கையால தொட்டுப் பாக்கணும். செருப்பு போடறதுக்கு முன்னாடி கைய விட்டு உள்ள கல்லு, முள்ளு இருக்கான்னு தடவணும். வீட்டுக்குள்ளயும் வெறுங்கால் கூடாது. கால் ஆணிய பிளேடால தொடவே கூடாது. தோல் உரிஞ்சிருந்தாலோ, சிவந்திருந்தாலோ, ஒரு எடம் மட்டும் கதகதன்னு இருந்தாலோ அன்னைக்கே வரணும், வலிக்குதா இல்லையான்னு பாக்கவே கூடாது. இவ்ளோத்தையும் சொல்லிட்டு, "ஐயா, வீட்டுக்குப் போனதும் உங்க பேத்தி சிஸ்டர் என்ன சொன்னாங்கன்னு கேப்பாங்க, என்ன சொல்லுவீங்க?"ன்னு கேட்டாங்க. அவர் சொன்னார். முழங்கை விஷயத்த விட்டுட்டார், மறுபடி சொன்னாங்க, மறுபடி கேட்டாங்க. அவர் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், கேள்வி கேட்டே வாழ்ந்தவர், அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மாணவனா உக்காந்து பதில் சொன்னது அவருக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. "இதான்பா டீச்சிங்"னு கார்ல வர்றப்ப சொன்னார்.

உடல்நல அறிவுன்னு எழுதறவங்க அத நோயாளியோட தகுதி மாதிரியே பேசறாங்க, அவருக்கு இருக்கா இல்லையான்னு. எனக்கு அது ரெண்டு பேருக்கு நடுவுல நடக்கற ஒண்ணாத்தான் படுது. மாசாமாசம் பாத்த டாக்டர் "ஏதாவது பிரச்சனைன்னா வாங்க"ன்னு சொன்னதும், பெரியப்பா "ஒண்ணும் இல்ல"ன்னு சொன்னதும் ஒரே தாமதத்தோட ரெண்டு பாதி. ஒரு நாளைக்கு நூறு பேர பாக்கற டாக்டர்கிட்ட நேரம் எங்க இருக்குன்னு கேப்பீங்க, நியாயம்தான், அந்த டாக்டர் மேல எனக்கு கோவமும் இல்ல. ஆனா வெயிட்டிங் ஹால்ல ஒரு மணி நேரம் சும்மா உக்காந்திருக்கற அத்தன பேர் காலையும் ஒரு சிஸ்டர் வரிசையா தொட்டுப் பாக்கலாமே? ஒரு நைலான் இழை, ஒரு ஸ்டூல், அவ்ளோதான் செலவு.

வலிக்காத மத்தது எல்லாம்

ஒரு தடவை இந்தக் கண்ணுல பாக்க ஆரம்பிச்சா எல்லா எடத்துலயும் இதுவே தெரியுது. மார்புல வர்ற கட்டி ஆரம்பத்துல பெரும்பாலும் வலிக்காது, வலிக்காததாலயே எத்தன அம்மாக்கள் மாசக்கணக்கா யார்கிட்டயும் சொல்லாம இருக்காங்க. கண்ணுல பிரஷர் ஏறி பார்வை ஓரத்துல இருந்து குறைஞ்சுக்கிட்டு வரும், பெரும்பாலும் வலி இருக்காது. சுகர் ரொம்ப நாளா இருக்கறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் கூட சினிமாவுல வர்ற மாதிரி நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு வராம, வெறும் மூச்சிரைப்பு, வேர்வை, அசதின்னு வரலாம், நாம அத கேஸ்னு சொல்லி சோடா வாங்கிக் குடுப்போம். 2023ல இருந்து நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் இதயம் காப்போம் திட்டத்துல 14 மாத்திரை தயாரா வெச்சிருக்காங்க, ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரல் 4, அட்டார்வாஸ்டாட்டின் 8, ஹார்ட் அட்டாக் மாதிரி தெரிஞ்சா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பறதுக்கு முன்னாடி உடனே குடுக்கறதுக்கு. அருமையான திட்டம். அது வேலை செய்யணும்னா சோடா கடைய தாண்டி அந்த மனுஷன் அங்க வந்து சேரணும்.

எங்க வீட்டுலயே இந்தச் சண்டை இன்னும் முடியல. பெரியம்மாவுக்கு பிபி. எம்டிஎம் அக்கா குடுக்கற மாத்திரை டப்பாவுல அப்படியே இருக்கு, தலை சுத்தினா மட்டும் போட்டுக்கறாங்க. "மண்டையிடி இல்ல, படபடப்பு இல்ல, எதுக்கு சும்மா மாத்திரைய முழுங்கணும், என் உடம்பு எனக்கு தெரியாதா"ன்னு கேக்கறாங்க. பெரியப்பா காலுக்கு நேர்ல சாட்சியா நின்னவங்க, அந்த இழை வளைஞ்சத என் கூட நின்னு பாத்தவங்க, ஆனா அது காலுக்குன்னு மனசுல வெச்சுக்கிட்டாங்க, பிபிக்கு அது வேறயாத் தெரியுது. பெரியப்பா இப்ப அவங்க கிட்ட வாதாடறார், "உனக்கு தெரியாதுடி, எனக்கும் தெரியும்னுதான் நானும் நெனச்சேன்"னு. அவங்க காதுல வாங்கறதா இல்ல.

வாதாடறத விட்டுட்டு இப்ப ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கோம். வீட்டுக்கு ஒரு பிபி மிஷின் வாங்கிக் குடுத்துட்டேன். டாக்டர் எழுதினபடி தினமும் மாத்திரை போடணும், காலைல ஒரு இடத்துல அஞ்சு நிமிஷம் அமைதியா உக்காந்துட்டு பாக்கணும், வர்ற நம்பர அவங்க கையாலயே சமையல் ரூம் காலண்டர்ல எழுதணும், உடம்புக்கு எப்படி இருக்குன்னும் பக்கத்துலயே எழுதணும். முதல் நாள் 168/100, பக்கத்துல "நல்லா இருக்கேன்". நேத்து 146/90, பக்கத்துல அதே "நல்லா இருக்கேன்". போன்ல ரெண்டு நம்பரையும் அவங்களே வாசிச்சுட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம், "ரெண்டு நாளும் ஒரே மாதிரிதான்டா இருந்துச்சு எனக்கு, மிஷின் சரியா வேலை செய்யுதான்னு தெரியல, அந்த எம்டிஎம் பொண்ணு வரட்டும், அவ மிஷின்லயும் ஒரு தடவை வெச்சுப் பாத்துட்டு சொல்றேன்"னு சொன்னாங்க. சரி பெரியம்மா, பாருங்கன்னேன்.